ஜெனோவா வழியாக வெள்ளிமலை

எங்கள் ஆபீஸில் லீவு லிஸ்ட் வந்ததும் முதலில் பார்ப்பது தேதியை அல்ல, கிழமையை. 2024-ல் ஆயுத பூஜை வெள்ளி, விஜயதசமி சனி, அப்புறம் ஞாயிறு. மூன்று நாள்! எனக்கு அம்மா செய்கிற சுண்டல் ஞாபகம் வந்தது. எங்கள் டீம் லீடருக்கு ஐரோப்பா ஞாபகம் வந்தது. சம்பள வித்தியாசம் சார், வேறொன்றுமில்லை.

டீம் லீடர் அப்போதுதான் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மவுன்டன் பைக் வாங்கியிருந்தார். பெயர்தான் பைக், சைக்கிள்தான். 29 இஞ்ச் சக்கரம், முன்னால் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக். ஸ்டாண்டு கிடையாது. மட்கார்டு கிடையாது. கேரியர், பெல் எதுவும் கிடையாது. "இத்தனை இல்லாததுக்கா நாப்பத்தஞ்சாயிரம்?" என்று கேட்ட திருச்சூர்க்காரரோடு ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த மாதம் திருச்சூர்க்காரரும் ஒன்று வாங்கினார். நான் செகண்ட்ஹாண்டில் வாங்கினேன். சென்னையில் மலைக்கு எங்கே போவது? ஃப்ளைஓவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

கான்ஃபரன்ஸ் ரூமில் ஆலோசனை. முதல் சாய்ஸ், பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலை மேலே லே ஜே என்ற ஊர். அங்கே நம்மையும் சைக்கிளையும் லிஃப்டே மேலே கொண்டுபோய் விட்டுவிடும். இறங்குவது மட்டும்தான் நம் வேலை. ஆனால் அந்த லிஃப்ட் கோடைக்கு மட்டும். பெரும்பாலும் செப்டம்பரோடு மூடிவிடுவார்கள். அடுத்தது இத்தாலியில் ஃபினாலே லிகுரே. மலை உச்சியிலிருந்து கிளம்பினால் கடற்கரையில் வந்து நிற்கலாம். அக்டோபரில் வெயிலும் இதமாக இருக்கும். டீம் லீடர் கண்ணை மூடிக்கொண்டார். ஏற்கெனவே பாதி மலை இறங்கிவிட்டார் போல.

நான் அக்கவுன்ட்ஸ் ஆசாமி. கணக்குப் போட்டேன். ஷெங்கன் விசா கட்டணம் அந்த ஜூனில்தான் 80 யூரோவிலிருந்து 90 ஆகியிருந்தது. விண்ணப்பம் கொடுத்தால் சாதாரணமாக 15 நாள். விமானம் மாறி மாறி ஜெனோவா போய், அங்கிருந்து ஒரு மணி நேரம். மூன்று நாளில் இரண்டு நாள் ஏர்போர்ட், ஒரு நாள் மலை. அந்த ஒரு நாளும் தூக்கம் வரும்.

"ஊட்டி? ஏற்காடு?" லாங் வீக்கெண்டில் அங்கெல்லாம் சைக்கிளை உருட்டக்கூட இடமிருக்காது.

"உங்க ஊர்ப் பக்கம் ஏதோ மலை இருக்குன்னு சொன்னீங்களே?" என்றார் திருச்சூர்க்காரர்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆபீஸில் என் ஊர் 'விழுப்புரம் பக்கம்'. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை அது பொய்யும் இல்லை. அதற்கப்புறமும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். 2024 ஜூனில் ஊர்ப் பெயர் ராத்திரி பகலாக டி.வி.யில் ஓடியது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த வாரம் அப்பா மூன்று சாவு வீட்டுக்குப் போய் வந்தார். ஆபீஸில் என் பயோடேட்டாவைப் பார்த்திருந்த ஒருவர் லிஃப்டில் கேட்டார்: "உங்க ஊர்ல தண்ணி குடிக்கலாமா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

கல்வராயன் மலை என்றாலும் பேப்பரில் சாராய ஊறல் அழிப்புச் செய்திதான். அடிவாரத்தில் பிறந்தும் நான் அதில் ஏறியதில்லை. எனக்கு அது அப்பா திங்கட்கிழமை விடிகாலையில் போய்ச் சனிக்கிழமை திரும்புகிற இடம். அப்பா மலைமேல் பள்ளிக்கூட வாத்தியார்.

வியாழன் ராத்திரி காரின் பின்னால் மூன்று சைக்கிளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இறங்கினோம். அப்பா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். லே ஜே கதையைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, லிஃப்ட்ல ஏறிட்டு எறங்குறதுக்குத்தான் சைக்கிளா?"

"ஆமாப்பா."

"நாங்க தள்ளிக்கிட்டே ஏறுவோம். கேரியர்ல அரிசி மூட்டை. எறங்கறப்ப பிரேக் கட்டை தேய்ஞ்சு பூடும். செருப்பக் கழட்டி டயர்ல அழுத்திப் புடிப்பேன். மாசத்துக்கு ஒரு செருப்பு."

டீம் லீடர் எழுந்து உட்கார்ந்தார். இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தானாம். கலிஃபோர்னியாவில் டாமல்பாயஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மண் ரோட்டில் இறங்குவார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கிலிருந்து புகை வரும், உள்ளே கிரீஸ் வெந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1976-ல் அங்கே ஆரம்பித்த பந்தயத்துக்கே 'ரீபேக்' என்றுதான் பேர்.

"அதான் சொல்றேன். செருப்பு மிச்சம் அவனுங்களுக்கு" என்றார் அப்பா.

காலையில் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையிலிருந்து ஏறினோம். அப்பா முழங்கால் வலியோடு காரில் பின்னால் வந்தார். மூன்றாவது வளைவில் டீம் லீடர் இறங்கித் தள்ளினார். நாலாவதில் நாங்களும். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் சைக்கிளும் செகண்ட்ஹாண்டும் தள்ளும்போது ஒன்றுதான். பெரியார் அருவியில் தலையைக் காட்டிவிட்டு, வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது பேச்சு வரவில்லை.

டீக்கடையில் ஒருவர், "நாங்க மலையாளிங்க" என்றார். திருச்சூர்க்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எவிடயா நாட்டில்?" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் திருதிருவென்று விழித்தார். அப்பாதான் விளக்கினார்: "இது கேரளா மலையாளி இல்ல தம்பி. இந்த மலையோட பழங்குடி. இவங்க முன்னோருங்க காஞ்சிபுரத்துலேருந்து வந்ததாச் சொல்லுவாங்க."

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். "சார்! நான் உங்ககிட்ட அஞ்சாங்கிளாஸ் சார்!" அப்பாவைவிட அவருக்குத்தான் முடி அதிகம் நரைத்திருந்தது. டீக்குக் காசு வாங்கவில்லை. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு ஒரு தட்டு வந்தது. "சார் மழையில நனைஞ்சுக்கிட்டு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வருவாரு" என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பா வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் மரவள்ளிக் காட்டோரம் மண் ரோட்டில் கொஞ்ச நேரம் ஓட்டி, இரண்டு தரம் விழுந்து, பிறகு தார் ரோட்டிலேயே இறங்கினோம். அடிவாரத்தில் நின்றபோது என் பிரேக்கிலிருந்து கருகல் வாசனை. அப்பா காரை விட்டு இறங்கி வந்து குனிந்து முகர்ந்தார்.

"செருப்பு இருக்கா?" என்றார்.

திங்கட்கிழமை லிஃப்டில் அதே மனிதர். கைச் சிராய்ப்பைப் பார்த்து, "எங்க சார் போனீங்க?" என்றார்.

"கள்ளக்குறிச்சி. எங்க ஊர்."

ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாடி நம்பரைப் பார்க்க ஆரம்பித்தார்.