இரண்டாவது தந்தி

பாஞ்சோவின் தலையைக் கவ்விக்கொண்டு ஸ்ருதி காட்டும் கருவியை நான் வாங்கியது பயத்தினால். டியூனர் என்றே சொல்லிவிடுகிறேன். சென்ற வருஷம் காது டாக்டர் ஒருவர் என் முன் ஒரு வரைபடத்தை வைத்தார். சமதளமாகப் போய்க்கொண்டிருந்த கோடு 3000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கிணற்றுப் படியில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. அது இடது காது. வலது பரவாயில்லை, ஆனால் அதற்கும் வயது 61. 'பேச்சு கேட்பதில் உடனடியாகக் கஷ்டம் இராது' என்றார். நான் கவலைப்பட்டது பேச்சைப் பற்றி அல்ல என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வட கரோலினாவில் நான் குடியிருக்கும் ஊரில், வியாழக்கிழமை மாலைகளில் ஒரு வாத்தியக் கடையின் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வாசிக்கிறோம். ஃபிடில், கித்தார், பாஞ்சோ. மேடை கிடையாது, கேட்பவர்கள் கிடையாது. வட்டமாக நாற்காலி போட்டு, ஒரே மெட்டை இருபது தடவை திரும்பத் திரும்ப வாசிப்பது. வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். எனக்கு வாரத்தில் அந்த இரண்டரை மணி நேரம்தான் முழுசாக விழித்திருக்கிற நேரம்.

வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்துகொண்ட வாத்தியம் இது. 19-ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் இதை மேடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று மலைநாட்டு வெள்ளையர்களின் பூர்வீகச் சொத்து என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் களவைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். உடம்பு ஒரு மேளம். தந்திகளைத் தாங்கும் குதிரை தோல்மீது ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. ஒரு தந்தியை முறுக்கினால் தோல் மயிரிழை அமுங்கும், மற்ற நான்கும் கொஞ்சம் இறங்கிவிடும். அதனால் ஐந்தையும் ஒரு சுற்று சேர்த்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு சுற்று வர வேண்டும். நிஜத்தோலானால் மழை நாளில் தொய்ந்துபோகும். 1950-களின் கடைசியில் பிளாஸ்டிக் வந்த பிறகு அந்த அவஸ்தை பெரும்பாலும் போயிற்று. முறுக்கும் அவஸ்தை போகவில்லை.

தந்திகள் ஐந்து. ஐந்தாவது மற்றவற்றைவிடக் குட்டை. அதன் பிருடை தலையில் இல்லாமல் ஐந்தாவது மெட்டுக்கு அருகே கழுத்தின் பக்கவாட்டில் முளைத்திருக்கும். கட்டைவிரல் அதை விடாமல் தட்டிக்கொண்டேயிருக்கும் - வீணையின் தாளத் தந்திகளை நினைத்துக்கொள்ளலாம். ஐந்தாவதிலிருந்து முதல் தந்தி வரை சாதாரணமாக வைக்கும் ஸ்ருதி ஜி, டி, ஜி, பி, டி. மூன்றாவதான ஜி-யை ஷட்ஜமாகக் கொண்டால் மேல் ஷட்ஜம், கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். காந்தாரம் இரண்டாவது தந்தி. வழக்கு முழுவதும் அந்தத் தந்தியைப் பற்றியதுதான்.

கடைக்குப் போனபோது டியூனர் என்பது ஒரே சாமான் என்று நினைத்திருந்தேன். ஊசி ஆடும் கையடக்க எலெக்ட்ரானிக் டியூனரை கோர்க் கம்பெனி 1975-இல் கொண்டுவந்தது. அது மைக்கில் கேட்கிற ஜாதி. பத்துப் பேர் ஒரே சமயத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும் அறையில் மைக் பக்கத்து நாற்காலிக்காரரின் தந்தியைக் கேட்டுவிடும். கவ்வுகிற ஜாதியில் மைக்குக்கு வேலை இல்லை. கவ்வியினுள் இருக்கும் பீஸோ வில்லை மரத்தின் அதிர்வையே வாங்கிக்கொள்கிறது. அறையில் சந்தைக்கடை நடந்தாலும் அது என் வாத்தியத்தை மட்டும் கேட்கும். கித்தாருக்கென்று செய்ததை வாங்கக் கூடாது. அதற்குக் கித்தாரின் ஆறு தந்திகளைத்தான் தெரியும். பாஞ்சோக்காரன் மெட்டுக்கு மெட்டு ஸ்ருதியை மாற்றுகிறவன், பன்னிரண்டு ஸ்வரமும் தெரிந்த கருவிதான் அவனுக்கு வேண்டும். எர்ல் ஸ்க்ரக்ஸ் 1951-இல் பதிவு செய்த ஒரு மெட்டில் வாசிக்கும்போதே இரண்டாவது தந்தியை இறக்கி ஏற்றுகிறார், ஸ்ருதி சேர்ப்பதையே சங்கீதமாக்கிவிட்டார். மற்றபடி, இருட்டில் தெரிகிற முகப்பு, சுலபமாகக் கிடைக்கிற பாட்டரி. இவ்வளவு போதும். மலிவான ஒன்றை வாங்கினேன்.

உபயோகத்தில் சில விஷயங்கள் தெரியவந்தன. பாஞ்சோவின் நாதம் பிறந்தவுடன் செத்துவிடுகிறது. ஓங்கித் தட்டினால் ஸ்ருதி முதலில் ஏறி அப்புறம் இறங்கும், முள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். விரல் சதையால் மெதுவாகத் தொட வேண்டும். மற்ற தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவை கூடவே முனகும், கருவி யாருடைய முனகலையோ எழுதிக்காட்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பிருடையின் தளர்வு பிறகு வேலையைக் காட்டும். தலைப்பக்கத்துப் பள்ளத்தில் தந்தி சிக்கிச் சிக்கி நகர்ந்தால் பென்சில் கரியைத் தடவலாம். என் பென்சில்கள் எழுதியதைவிட இந்தக் காரியத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கின்றன. ஒருமுறை பையில் கிடந்த டியூனரின் பொத்தான் அமுங்கி, ஏ 440 என்பது 444 ஆகிவிட்டது. ஐந்து தந்தியும் பச்சை. வட்டம் முழுவதும் என்னையே பார்த்தது. அது என் தப்பு, திருத்திக்கொண்டேன்.

ஆனால் அடுத்தது அப்படி இல்லை. எங்கள் வட்டத்தில் ஃபிடில் வாசிக்கும் ஒரு அம்மாள், எழுபதைத் தாண்டியவர், வில்லை மடியில் வைத்துக்கொண்டு, 'உங்கள் பி தூக்கலாக இருக்கிறது' என்றார். நான் பாஞ்சோவைத் திருப்பிப் பச்சை விளக்கைக் காண்பித்தேன். 'அது பச்சையாகத்தான் இருக்கும்' என்றார். அவ்வளவுதான், அடுத்த மெட்டு ஆரம்பமாகிவிட்டது.

மூன்று வாரம் நான் அங்கே போகவில்லை. காரணமாகச் சளி என்று சொன்னேன். வாஸ்தவத்தில், காது போய்விட்டது என்று கருவி வாங்கினால், கருவி சொல்வதும் தப்பு என்று ஒருவர் சொல்லும்போது அதைச் சரிபார்க்க எனக்கு என்ன மிச்சம் என்ற கேள்விதான். விமர்சனத்தில் அளவுகோல் என்ற வார்த்தையை நாம் எவ்வளவு லேசாகப் புழங்குகிறோம் என்றும் அப்போது தோன்றியது. அது வேறு விஷயம்.

நான்காவது வாரம், இரவு, சமையலறையில் உட்கார்ந்து மூன்றாவதையும் இரண்டாவதையும் சேர்த்து மீட்டி வலது காதைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒரு நடுக்கம் இருந்தது. வேகமாக, ஈ பறக்கிற மாதிரி. பள்ளிக்கூட பௌதிகத்தில் விம்மல் என்று படித்தது இதுதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு தந்தி தன்னுடைய அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலேயும் ஒலிக்கிறது. ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், அதன் ஐந்து மடங்கு 980. டியூனர் பச்சை காட்டும் காந்தாரம் 246.9, அதன் நான்கு மடங்கு 988-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் உரசும்போது விநாடிக்கு எட்டு விம்மல். பிருடையை இறக்க இறக்க விம்மல் ஆறு, நான்கு, இரண்டு என்று சோம்பி, ஓரிடத்தில் நின்றது. 245. அங்கே இரண்டு தந்திகளும் ஒரே ஆளாகிவிட்டன. முகப்பில் முள் இடதுபக்கம் சாய்ந்து சிவப்பில் நின்றது.

டியூனர் பொய் சொல்லவில்லை. அது ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாகமும் நூறு சென்ட். இந்தச் சென்ட் கணக்கு 1885-இல் அலெக்ஸாண்டர் எல்லிஸ் முன்வைத்தது. பஞ்சமம் அதில் 700, இயற்கையில் 702. காது மன்னித்துவிடும். காந்தாரம் அதில் 400, இயற்கையில் 386. இந்தப் பதினான்கைத்தான் அந்த அம்மாள் அறையின் எதிர்மூலையிலிருந்து கேட்டிருக்கிறார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் ஸ்தாயியைச் சமபாகங்களாகப் பிரிப்பதற்காக எவ்வளவு பிடிவாதமாக வாதாடுகிறார்! டியூனர் அவர் கட்சி. அவரைப் படித்த நாளில் நானும் அவர் கட்சியாகத்தான் இருந்தேன், கணக்கின் அழகினால். சமையலறையில் கட்சி மாறிற்று.

என் அத்தையிடம் ஒரு தம்புரா இருந்தது. ஜீவாளி நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஒரு இடத்தில் நிறுத்தி, 'காந்தாரம் வந்துதாடா?' என்பாள். தம்புராவில் காந்தாரத்துக்கென்று தந்தி கிடையாது. ஷட்ஜத் தந்தியிலிருந்து தானே கிளம்ப வேண்டும். எட்டு வயதில் எனக்கு எதுவும் கேட்டதில்லை. 'வந்துடுத்து' என்பேன், விளையாடப் போக வேண்டும். அவள் சொன்ன காந்தாரம் அந்த ஐந்து மடங்குதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, பாதிக் காது போன பிறகு, வேற்று வாத்தியத்தில் வந்துதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கும் கருவி இருக்கிறதே என்று சொல்லக்கூடும். இருக்கிறது. பீட்டர்ஸன் கம்பெனியின் ஸ்ட்ரோபோ ஜாதிக் கவ்வி ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். பாஞ்சோவுக்கென்று சரிக்கட்டிய ஸ்ருதி ஒன்றையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். நண்பரிடம் கடன் வாங்கிப் பார்த்தேன். நல்ல கருவி. ஆனால் காந்தாரத்தை முழுக்க இறக்கினால் அதே தந்தியின் முதல் மெட்டில் பிடிக்கும் மத்யமமும், மூன்றாவது மெட்டில் பிடிக்கும் பஞ்சமமும் கூடவே இறங்கிப்போய்ச் சோகையாக ஒலிக்கின்றன. மெட்டு எந்த ஸ்வரத்தில் அதிகம் தங்குகிறது என்று பார்த்து ஐந்து சென்ட்டோ பத்து சென்ட்டோ இறக்க வேண்டும். அடுத்து என்ன மெட்டு வரப்போகிறது என்று எந்தக் கவ்விக்கும் தெரியாது. மலிவானதையே வைத்துக்கொண்டேன். மூன்றாவது தந்தியை அதில் சேர்ப்பேன். பஞ்சமங்களையும் ஐந்தாவதையும் அதிலேயே பார்த்துவிடுவேன். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டாவதைத் தொடுவேன்.

திரும்பிப் போன வியாழக்கிழமை, என் நல்ல காலம், ஸாமில் என்று இவர்கள் சொல்லும் ஸ்ருதியில் வாசித்தார்கள். அதில் இரண்டாவது தந்தியைக் காந்தாரத்திலிருந்து சுத்த மத்யமத்துக்கு ஏற்றிவிடுவார்கள். வெறும் தந்திகளில் காந்தாரமே கிடையாது. மத்யமம் சமபாகத்தில் 500, இயற்கையில் 498. கருவிக்கும் காதுக்கும் சண்டை போட விஷயம் இல்லை. ஒரு மணி நேரம் நிம்மதியாக வாசித்தேன். அப்புறம் யாரோ பழைய ஜி மெட்டு ஒன்றைக் கேட்டார்கள். தந்தியை இறக்கினேன். பக்கத்தில் எல்லோரும் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சோவைத் தூக்கி மேளத்தின் விளிம்பைத் தாடையெலும்பில் அழுத்திக்கொண்டேன், எலும்பு வழியாக விம்மல் வந்தது. நான்கு. இரண்டு. அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் ஃபிடிலைத் தோளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

மார்ச்சில் மறுபடியும் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, 250, 500, 1000 என்று ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். 8000-க்குப் போகும்போது சென்றமுறை கேட்காத ஒன்றிரண்டுக்கு உத்தேசமாக அழுத்தினேன். இந்தமுறை அப்படிச் செய்யப்போவதில்லை. எனக்கு வேண்டியது 1000. அது 980-க்குப் பக்கத்து வீடு.