பத்தரைக்குப் பன்னிரண்டரை

பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது ஒரு பங்கில் இன்னொரு பங்கை எடுப்பதுதான். அரையில் கால் அரைக்கால்; அதாவது 1/2 × 1/4 = 1/8. பெருக்கினால் எண் கூடும் என்றே பழகிய மாணவர் விடை சிறுத்துப்போவதைக் கண்டு திகைப்பார். ஒன்றுக்குக் குறைந்த பின்னத்தால் பெருக்கினால் அப்படித்தான் ஆகும். தொகுதியைத் தொகுதியாலும் பகுதியைப் பகுதியாலும் பெருக்கினால் வேலை முடிந்தது. கூட்டலைப்போலப் பொதுப் பகுதி தேடி அலைய வேண்டாம். உண்மையில் கூட்டலைவிடப் பெருக்கலே எளிது.

பழைய தமிழ்க் கணக்கில் இத்தகைய விடைகளுக்குத் தனிப் பெயர்களே இருந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் முழு எண்களோடு பின்ன வாய்ப்பாட்டையும் உருப்போட்டார்கள். காலில் கால் மாகாணி, 1/16. மா என்பது 1/20. அதில் கால் காணி, 1/80. காணியில் கால் முந்திரி, 1/320. முந்திரியை முந்திரியால் பெருக்கினால் கீழ்முந்திரி, 1/1,02,400. நிலமும் நெல்லும் அளக்க இந்த வரிசை வசதியானது. ஆனால் 320 மூன்றால் வகுபடாது. ஆகவே முந்திரிவரை வரும் பெயர்களைக் கூட்டி மூன்றில் ஒரு பங்கைத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை.

கலப்பு பின்னத்தில்தான் கால் இடறும். பத்தரை அடிக்குப் பன்னிரண்டரை அடி அறைக்குத் தரை ஓடு போட வேண்டும். பத்தைப் பன்னிரண்டாலும் அரையை அரையாலும் பெருக்கி 120¼ சதுர அடி என்று ஓடு வாங்கினால் பற்றாது. அறையைத் தரையில் கோடிட்டுப் பிரித்தால் நான்கு துண்டுகள் வரும்: 10 × 12 பெரிய செவ்வகம், 10 அடி நீளமும் அரையடி அகலமுமான பட்டை, 12 அடி நீளத்தில் அதே அகலப் பட்டை, மூலையில் அரைக்கு அரைச் சதுரம். பட்டைகள் தரும் 5-உம் 6-உம் முதல் கணக்கில் விடுபட்டுப் போயின. சரியான விடை 131¼.

தகாபின்னமாக மாற்றினால் எதுவும் விடுபடாது: 21/2 × 25/2 = 525/4. இரண்டிலும் அரை இருந்தால் வாய்க்கணக்கே போதும். முழு எண்களைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையில் பாதியையும் ஒரு காலையும் சேர்த்தால் சரி. சனிக்குப் பேர்போன ஏழரையை ஏழரையால் பெருக்கினால் 49 + 7 + ¼, ஆக 56¼.

மற்றப் பின்னங்களுக்கு, பெருக்கும் முன்பே அடித்துச் சுருக்குவது நல்லது. 3⅕ × 3¾ என்பதை 16/5 × 15/4 என்று எழுதி, 16-ஐயும் 4-ஐயும் நான்காலும், 15-ஐயும் 5-ஐயும் ஐந்தாலும் வகுத்தால் 4 × 3 = 12. முதலில் பெருக்கினால் 240/20 என்று சுற்றி வர வேண்டியிருக்கும். அடிக்கும் இரண்டில் ஒன்று தொகுதியாகவும் மற்றது பகுதியாகவும் இருக்க வேண்டும். நடுவில் இருப்பது கூட்டல் குறியானால் இப்படி அடிக்கவே கூடாது.