ஈர மணலில் பழகின கால்

இரண்டு நிமிடப் போட்டி. முதல் நிமிடம் முடிய முன்னமே நான் விழுந்துவிட்டேன். எதிரில் நின்ற பிள்ளை என்னைவிடக் கட்டை. கையால்தான் வருவாள் என்று அவளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளின் கால் வந்து என்ர முன்காலை வழித்துக்கொண்டு போனது. விழுந்த கையோடு முதுகில் ஒரு குத்து. விழுந்தவரை அடித்தால் 3 புள்ளி, அது விதி. நான் இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை பிளாஸ்டர்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையோ? காணும் இனி" என்றா அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அம்மா சொன்னதுதான் முடிவு.

பிளாஸ்டரோடு வீட்டில் இருந்த நாட்களில் போனில் கராத்தே போட்டிகளைப் பார்த்தேன். 2021இல் டோக்கியோவில்தான் கராத்தே முதல்முறை ஒலிம்பிக்கில் வந்தது, 2024 பாரிஸில் அதுவும் இல்லை. இருக்கிற வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒருநாள் சும்மா திரையின் மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, கால்களை மட்டும் பார்த்தேன். நீங்களும் ஒருக்கா செய்து பாருங்கோ. கை தெரியாதபோது அடி எப்ப வரப்போகுது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். நல்ல வீரர்களின் கால் நிலத்தை விட்டு எழும்புவதே குறைவு. எழும்பினாலும் ஒரு கடதாசி போகிற அளவுதான்.

என்ர வீடியோவையும் பார்த்தேன், ஒரு தோழி எடுத்தது. நான் கொக்கு மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

காரணம் எங்கட மணல். தாழ்வுபாட்டுப் பக்கம், கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, பனைகளுக்குக் கிட்டத்தான் எங்கட வகுப்பு. காய்ந்த மணலில் இரண்டு வருடம் ஓடிப் பழகினோம். கெண்டைக்கால் இறுகிப் போய் நிற்கும், கரைவலை இழுக்கிற ஆக்களின் கால் மாதிரி. மணலில் பழகினவர்களை அசைக்கேலாது என்று எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் காய்ந்த மணலில் கால் புதையும். அடுத்த அடி வைக்க அதைப் பிடுங்கித் தூக்க வேண்டும். தூக்கி வைப்பது எங்களுக்குத் தெரியாமலே பழக்கமாகிவிட்டது. மெத்தையில் போய் அப்படிச் செய்தால், தூக்கின கால் திரும்பி நிலத்தில் பாரம் வைக்கப்போகிற அந்த ஒரு கணத்தை எதிராளி பிடித்துவிடுவாள். கால் வழிக்கிறதன் சூட்சுமம் பலத்தில் இல்லை, அந்தக் கணத்தில் இருக்கு. பாரம் முழுக்க இறங்கின காலை வழிக்கிறது தூணை உதைக்கிற மாதிரி. இறங்கப்போகிற காலுக்கு ஒரு தட்டுக் காணும்.

கராத்தேயில் இதற்குத்தான் சுரி அஷி, யோரி அஷி என்றெல்லாம் வைத்திருக்கிறார்கள். பெயர்களைப் பரீட்சைக்குப் பாடமாக்கினேனே தவிர, காலுக்கு அது போய்ச் சேரவில்லை. எனக்கு அது விளங்கினது கென்போ வீடியோக்களில். கென்போ சீனத்திலிருந்து ஜப்பான் பெயரோடு ஹவாய்க்குப் போய், அங்கே பிறந்த எட் பார்க்கர் மூலம் அமெரிக்கா முழுக்கப் பரவின கலை. எல்விஸ் பிரெஸ்லிக்குப் பழக்கினவர். 1964இல் லோங் பீச்சில் அவர் நடத்தின போட்டியில்தான் புரூஸ் லீ வந்து செய்து காட்டிப் பலரின் கண்ணில் பட்டார். பார்க்கரின் ஆட்கள் காலடியைப் பச்சையாகப் பிரித்துச் சொல்வார்கள். பின்காலால் தள்ளி, முன்கால் முன்னே போக, பின்கால் இழுபட்டு வருவது ஒன்று. முதலில் பின்காலை முன்காலுக்குக் கிட்ட இழுத்து, பிறகு முன்காலை வைப்பது இன்னொன்று. முதலாவது கிட்டத் தூரத்துக்கு, இரண்டாவது எட்டத் தூரத்துக்கு. இவ்வளவுதான். ஆனால் இரண்டிலும் இழுக்கிறது என்கிற சொல் இருக்கு. தூக்கிறது இல்லை.

பிளாஸ்டர் வெட்டின பிறகு, அம்மாவுக்கு ரியூசன் என்று சொல்லிவிட்டு மாஸ்டரிட்டப் போனேன். (பொய்தான்.) அவர் பகலில் போட் எஞ்சின் திருத்துகிறவர், கதை குறைவு. நான் வீடியோ கதையெல்லாம் சொல்ல, கேட்டுக்கொண்டே என்னைத் தண்ணிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலை வந்து போகிற இடத்து ஈர மணல் சீமெந்து மாதிரி இறுகி இருக்கும்.

"இதில நிண்டு முன்னுக்கு வா."

வந்தேன். திரும்பிப் பார்க்கச் சொன்னார். ஐந்து குழி. ஒவ்வொரு குழிக்கும் இடையில் மணல் சுத்தமாக இருந்தது. பிறகு அவர் வந்து காட்டினார். அவருக்குப் பின்னால் இரண்டு நீளக் கோடு, தண்டவாளம் மாதிரி.

"கோடு வரும் மட்டும் பழகு" என்றார்.

தமிழ்நாட்டுச் சிலம்பத்திலும் கேரளக் களரியிலும் காலடி வைப்புக்குச் சுவடு என்றுதான் பெயர். கம்பைக் கையில் தர முன்னம் காலைப் பழக்குகிற ஆசான்கள் இருக்கினம் என்றும் வாசித்திருக்கிறேன். சுவடு என்றால் தடமும்தானே. கோடு வர எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

கோடு வந்த பிறகுதான் பெரிய பிரச்சினை தெரிந்தது. ஒரு பின்னேரம் மாஸ்டர் மெதுவாக ஒரு குத்தோடு வர, நான் பின்னுக்குப் போனேன். அவர் திரும்பவும் வர, திரும்பவும் பின்னுக்கு. நின்று பார்த்தால் என்ர தடம் பத்தடிக்கு அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி நேராகக் கிடந்தது.

"இது சண்டை பிடிச்ச தடம் இல்ல, பிள்ளை. வீட்டை போன தடம். நண்டு நேரா பின்னால ஓடுறதைக் கண்டிருக்கிறியோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ர மணிக்கட்டுத்தான் பயந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் காலில் இருந்தது. போட்டிக் களம் 8 மீற்றருக்கு 8 மீற்றர். நடுவிலிருந்து பின்னால் 4 மீற்றர்தான். நேரே பின்வாங்கினால் அது எவ்வளவு கெதியில் முடியும் என்று யோசித்துப் பாருங்கோ. கோட்டுக்கு வெளியே போனால் எச்சரிக்கை வேறு. அதைவிட, பின்னுக்குப் போகிறவளைவிட முன்னுக்கு வருகிறவளுக்கு எப்பவும் வேகம் கூட.

இதற்கும் கென்போவில் ஒரு மணிக்கூடு இருக்கு. நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், எதிராளி 12 மணியில். நேரே பின்வாங்கினால் 6. நான் ஈர மணலில் தடியால் பெரிய வட்டம் கீறி, இலக்கங்களும் போட்டேன். அவளின் வலது கை வந்தால் என்ர இடப்பக்கம், 7:30க்கு. அது கொஞ்சம் பழகினதும் 10:30க்கு, அதாவது வருகிற கைக்கு வெளியால் முன்னே. 7:30க்குப் போக ஒரு கிழமை. 10:30க்குப் போக இரண்டு மாதம். அடி வருகிற பக்கம் கால் எடுத்துவைக்க உடம்பு விடாது. அலை வந்து மணிக்கூட்டை அழிக்க, திரும்பக் கீற வேண்டும். சோளகம் தொடங்கினதும் அதுவும் இல்லை. தென்கரையில் 30 காற்றாலை நட்டது சும்மாவா? மணல் கண்ணுக்குள் அடிக்கும். ஒரு மண்டபத்துச் சீமெந்துத் தரையில் சோக்கால் கீறிப் பழகினோம்.

(எல்லாரும் போட்டியில் துள்ளுறது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே தாளத்தில் துள்ளினால் எதிராளி அதை எண்ணிவிடுவாள், நீங்கள் மேலே இருக்கும்போது வருவாள். எனக்குத் துள்ளல் பிடிக்காது. அது என்ர கருத்து.)

அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் வலை திருத்திக்கொண்டே, "வள்ளத்துக்க முழங்காலை விறைச்சுக்கொண்டு நிண்டா கடலுக்கதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்த போட்டிக்கான படிவத்தில் அவர்தான் கையெழுத்து வைத்தார்.

அதே பிள்ளையோடு எனக்குப் போட்டி வரவில்லை, அப்படியெல்லாம் படத்தில்தான் நடக்கும். வந்தது வேறொருத்தி, நல்ல உயரம். 4க்கு 3இல் தோற்றேன். இரண்டு தரம் நேரே பின்னுக்கும் போனேன், ஒரு தரம் கோட்டைத் தாண்டி எச்சரிக்கையும் வாங்கினேன். ஆனால் என்ர மூன்று புள்ளியில் ஒன்று 10:30இல் இருந்து வந்தது. அவளின் கை என்ர காதுக்கு வெளியால் போனதும், நான் இன்னும் நிற்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்ததும் ஞாபகம் இருக்கு.

இரவு வீட்டை வர எட்டு மணியாகிவிட்டது. அம்மா குசினிக்குள் நின்றபடியே கேட்டா.

"விழுந்தனியோ?"

"இல்லை."

"கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடு."