கித்தாக் காட்டுப் பாதையில் ஓடிய இயந்திரங்கள்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கை ஈயமும் கித்தா என வழங்கும் ரப்பரும் உருவாக்கின என்று வரலாற்று நூல்கள் கூறும். அவ்விரு தொழில்களையும் ஒட்டி வந்து, அவை ஒடுங்கியபின் தோட்டக் கொட்டகைகளிலும் வீட்டுப் பின்கட்டுகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த மற்றொரு பொருளும் உண்டு, அது பிரிட்டனில் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள். அத்தகைய வண்டியை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, பழுது நீக்கி, மீண்டும் ஓடச் செய்யும் வேலை இன்று ஈப்போவின் புறநகர்களிலும் சுங்கை சிப்புட், பத்து காஜா போன்ற ஊர்களிலும் தொடர்வீடுகளின் கார் நிறுத்தும் முகப்பிலேயே நடைபெறுகிறது. மலேசியாவில் ‘போர்மேன்’ என்று அழைக்கப்படும் பட்டறைத் தொழிலாளர்களிடம் வழிவழியாக வந்த கைத்திறனே இவ்வேலையின் அடிப்படை.

கோலகங்சாரில் 1877இல் முதல் கித்தாக் கன்றுகள் நடப்பட்டதைத் தொடர்ந்து பேராக் முழுவதும் தோட்டங்கள் பரவியபோது, பல்லாயிரம் ஏக்கர் பரப்பில் கிளைத்துச் சென்ற செம்மண் பாதைகளைச் சுற்றிவரத் துரைமாருக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும் மோட்டார் சைக்கிள் ஏற்ற ஊர்தியாயிற்று. 1861இல் துப்பாக்கி செய்வோரின் கூட்டு நிறுவனமாகப் பர்மிங்ஹாமில் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ், டிரையம்ப் ஆகியவை அக்காலத்தின் அறியப்பட்ட பெயர்கள். இரண்டாம் உலகப் போருக்காகப் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ 126,000 எண்ணிக்கையில் செய்தளித்த 496 சி.சி. ‘எம்20’ கனமும் உறுதியும் மிக்கது. 1948இல் வெளிவந்த 123 சி.சி. ‘பேண்டம்’ அதற்கு நேர்மாறாக இலேசானது, விலை குறைந்தது, போர் இழப்பீடாகப் பெறப்பட்ட ஜெர்மானிய டி.கே.டபிள்யூ. வரைபடத்தை இடம் வலம் மாற்றி அமைக்கப்பட்டது. 1958இல் ஜப்பானில் வெளிவந்து, பினாங்கின் பூன் சியூ நிறுவனத்தின் வழியாக இந்நாட்டில் பரவிய ஹோண்டா கப், எண்ணெய் கசியாமலும் எளிதில் இயங்கியும் ‘கப்சாய்’ என்ற பெயரோடு வீட்டுக்கு வீடு நுழைந்தபின், பிரிட்டிஷ் வண்டிகள் ஓரங்கட்டப்பட்டன, 1973இல் பி.எஸ்.ஏ. நிறுவனமே தன் தனித்த இருப்பை இழந்தது.

கித்தாத் தோட்டத்தில் நெடுநாள் கிடந்த வண்டிக்கு நேரும் சேதம் நகரத்து வண்டியின் சேதத்தினின்று வேறுபடக்கூடியது. மரப்பாலை உறையாமல் காக்க அம்மோனியாவும், உறைய வைக்க ஃபார்மிக் அமிலமும் பால் கொட்டகையில் பயன்படுத்தப்பட்டன. அமிலத்தின் ஆவி இரும்பை அரிக்கும், அம்மோனியாவோ செம்பையும் பித்தளையையும் தாக்கி, இழுவிசையில் உள்ள பித்தளைத் தகட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். ஆகவே அத்தகைய கொட்டகையருகே நின்ற வண்டியில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் பித்தளை மிதவையும், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் எனப்படும் நுண்துளைத் திருகும் முதலில் ஆராயப்பட வேண்டியவை. இவற்றோடு ஆண்டு முழுதும் பெய்யும் மழையின் ஈரமும் சேர்வதால், வெளியே சாயம் பளபளக்கும் பெட்ரோல் தொட்டி உள்ளே துருவாகவே இருப்பதுண்டு.

கழற்றும் வேலையில் முதல் தடை ஸ்பேனரின் அளவு. இந்நாட்டுப் பட்டறைகளில் உள்ளவை ஜப்பானிய வண்டிகளுக்கான மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியின் திருகுகளோ, 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த முறையையும் அதன்பின் வந்த நுண்மரை, சைக்கிள் மரை ஆகிய முறைகளையும் சார்ந்தவை. மரை என்பது போல்ட்டின் உடலில் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளம். விட்வர்த் மரையின் கோணம் 55 பாகை, சைக்கிள் மரையின் கோணம் 60 பாகை, பின்னதில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 வரிகள் உண்டு. விட்வர்த் ஸ்பேனரில் பொறிக்கப்பட்ட எண் அதன் வாயகலத்தைச் சுட்டாமல் போல்ட் தண்டின் விட்டத்தைச் சுட்டுவதால், ‘கால் அங்குலம்’ என்று எழுதப்பட்ட ஸ்பேனரின் வாய் உண்மையில் 13.3 மில்லிமீட்டர் அகலமுடையது. அதற்குரிய நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையாது, 14 மில்லிமீட்டர் ஸ்பேனரோ நுழைந்து மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். பழைய வண்டியின் நட்டுகள் மழுங்கிக் கிடப்பதற்கு மூப்பைவிட இத்தவறே பெரிதும் காரணமாகும்.

எஞ்சின் இறுகியிருக்குமாயின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயைத் துளைவழி ஊற்றிப் பல நாள் ஊறவிடுவது முறை. அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்டினால், சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உருளையாகிய பிஸ்டன் உடையும். இயங்கும்போது பிஸ்டன் சிலிண்டரின் இரு பக்கங்களிலேயே மிகுதியாக அழுந்துவதால் நாளடைவில் வட்டமான துளை முட்டை வடிவமாகத் தேய்கிறது. அதனை நுண்ணளவியால் அளந்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 அல்லது 40 பங்கு கூடுதலாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவதே ‘ரீபோர்’ எனப்படும் வேலை. வீட்டு முகப்பில் செய்ய இயலாத இவ்வேலைக்கு ஈப்போவின் கடைசல் பட்டறைகள் கைகொடுக்கின்றன. ஈய மண்ணைத் தோண்டியெடுக்கும் ஈயக் கப்பல்களுக்கும் மணல் உறிஞ்சும் பம்புகளுக்கும் உறுப்புகள் வார்த்தும் கடைந்தும் கொடுப்பதற்காக எழுந்த வார்ப்பாலைகளும் பட்டறைகளும், 1985இல் ஈய விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடப்பட்டபின் தம் வாடிக்கையாளரை இழந்தபோதிலும், அங்கு வளர்ந்த கைத்திறன் உடனே மறைந்துவிடவில்லை. கிடைக்காத ஒரு புஷ்ஷை, அதாவது தண்டு சுழலும் உலோக வளையத்தை, மாதிரியைக் கொடுத்துக் கடைந்து வாங்கும் பழக்கம் சுரங்கக் காலத்தின் தொடர்ச்சி எனலாம்.

மின்னமைப்பில் இரண்டு இடர்கள் உண்டு. பேட்டரியின் துணையின்றித் தானே பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ என்னும் கருவியின் கம்பிச்சுருள் அரக்குப் பூசிக் காப்பிடப்பட்டது. வெப்ப நாட்டில் அவ்வரக்கு இளகுவதாலும் உள்ளே உள்ள மின்தேக்கி தளர்வதாலும், காலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி சூடேறியபின் நடுவழியில் நின்றுவிடுகிறது. பேட்டரி உள்ள வண்டிகளிலோ, ஜப்பானிய வழக்கத்துக்கு மாறாக, பெரும்பாலும் நேர்முனையே சட்டகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இதனை அறியாமல் முனைகளை மாற்றி இணைப்பதால் கருவிகள் கெடுகின்றன.

உதிரி உறுப்புகளுக்குப் பிரிட்டனை நாடுவது செலவு மிகுந்த வழி. ஈப்போவில் ஞாயிறு காலைகளில் கூடும் பழம்பொருள் சந்தைகளை மலாயில் ‘பசார் காராட்’ என்பர். ‘துருச் சந்தை’ என்பது அதன் நேர்பொருள், பெயருக்கேற்ப விளக்குக் கிண்ணமும் வேகமானியும் சில வேளை அங்கே கண்ணில் படும். ராயல் என்ஃபீல்டு புல்லட் வைத்திருப்போருக்கு மட்டும் வேறொரு வாய்ப்பு உண்டு: 1950களின் நடுப்பகுதியில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அவ்வண்டியின் தயாரிப்பு தொடங்கி, பழைய வடிவமைப்பு பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் நீடித்ததால், இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த புல்லட்டுக்கும் சென்னை உறுப்புகள் பல பொருந்துகின்றன. தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் வந்த அதே கடல்வழியில் பின்னாளில் இயந்திர உறுப்பும் வருவதாயிற்று.

சட்டகத்தைத் துடைத்துச் சாயமேற்றும் கட்டத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. எஞ்சினிலும் சட்டகத்திலும் பொறிக்கப்பட்ட எண்கள், ‘கிராண்ட்’ என வழங்கும் பதிவுப் பத்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்திருந்தாலன்றிச் சாலைப் போக்குவரத்து இலாகா அவ்வண்டியை ஏற்காது; மணல் வீச்சினால் துருவை அகற்றும்போதோ தடித்த பொடிச்சாயம் சுடும்போதோ அவ்வெண்கள் மங்கினால், பேராக்கின் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் பழைய பதிவு பயனற்றதாகிவிடும்.

எண்களை இவ்வளவு கவனத்தோடு காப்பவர்களும் வேறொரு சான்றைத் தயக்கமின்றிக் குப்பையில் எறிகின்றனர். கழற்றப்படும் வண்டியில் தொழிற்சாலை செய்யாத உறுப்புகள் பல வெளிப்படுவது இயல்பு: இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டவைத்த தாங்கி, கையால் அராவிய நெம்புகோல், டயர்த் துண்டில் கத்தரித்த அதிர்வுத் தாங்கி. துரையின் பெயர் தோட்டப் பதிவேட்டில் உண்டு. உறுப்பு வந்து சேரக் கப்பலுக்குக் காத்திராமல் அன்றே வண்டியை ஓடச் செய்த தோட்டப் பட்டறைக்காரரின் பெயரோ அரிதாகவே எழுதப்பட்டது. 1950களின் பிற்பகுதி தொட்டுத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பின்னர்ச் செம்பனைக்கு மாற்றப்பட்டும், தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்கள் இடிக்கப்பட்டும் போன நிலையில், அத்தொழிலாளர் விட்டுச் சென்ற எழுத்து அவ்வுறுப்புகளிலேயே எஞ்சியுள்ளது. பிறந்த நாளின் பளபளப்பை மீட்பதற்காக அவற்றை அகற்றுவது, வண்டியின் பேராக் வாழ்வை அழித்து அதனை மீண்டும் பர்மிங்ஹாமுக்கே அனுப்புவதற்கு ஒப்பாகும்.

எனவே பழைய வண்டியைக் கழற்றத் தொடங்குவோர், முதல் நட்டைத் தளர்த்துமுன் அதன் எல்லாப் பக்கங்களையும் படமெடுக்க வேண்டும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, யார் பழுது பார்த்தார் என்பதை விற்பவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிக் கிராண்டோடு வைக்க வேண்டும். அகற்றியே தீர வேண்டிய கைவேலை உறுப்பையும் பெயரெழுதி ஒரு பெட்டியில் காக்க வேண்டும். கேட்டால் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருவதால், இவ்வேலையைத் தள்ளிப்போடுவதற்கில்லை.