வயதுக்கு வந்த கதை

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, மதுரையில் மாடியில் இயங்கும் ஒரு சின்னப் புத்தகக் கடையில், முதல் நாவலை எழுதியிருந்த ஒரு பெண் பேசினார். முதுகலை மாணவிகள் இருவரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அலமாரிகளை ஒதுக்கி முப்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நாவலாசிரியரின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

கூட்டுக் குடும்பத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயதுவரை ஒரு பெண் வளரும் கதை அது. "பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளருகிறார்கள். நாம்தான் ஒரே நாளில் வயதுக்கு வந்துவிடுகிறோம்" என்று பேச்சைத் தொடங்கினார். பெண்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு சடங்கு வீட்டுப் பகுதியை வாசித்தார். பந்தலில் தாய்மாமன் சீர்த்தட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மனையில் உட்கார்ந்திருக்கும் சிறுமி, தான் எழுதாமல் விட்ட கணக்குத் தேர்வை மறுபடி எழுத விடுவார்களா என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்கிறாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை.

பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்கள் என்று இருபது வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன். உலா நூல்களில் இந்த ஏழு பருவத்துப் பெண்களும் தெருவுக்கு வருவது பவனி வரும் தலைவனைக் காணத்தான். தேர்வு எழுத நினைத்த பருவம் என்று எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. அதுவும் நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறது. நான் அந்தக் கணக்கைத் தாண்டிச் சில வருடங்கள் ஆயிற்று.

வாசிப்பு முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "இது உங்க சொந்தக் கதையாம்மா?"

"கதைதான் சார்."

"இல்ல, இவ்வளவு நுணுக்கமா இருக்கே, அதான் கேட்டேன்."

நான்கைந்து பேர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து, மறுபடி மூடினார்.

நம் மரபில் இந்தக் கேள்வி புதிதல்ல. அகப்பாடலில் யாருடைய பெயரையும் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. பாடுகிறவருக்கும் பாடப்படுகிறவருக்கும் அது ஒரு காப்பு. ஆனால் வெள்ளிவீதியாருக்கு அந்தக் காப்பு நிலைக்கவில்லை. அகநானூற்றின் 147ஆம் பாடலில் ஔவையார், தலைவனைத் தேடிப் புறப்பட்ட வெள்ளிவீதியை உவமையாகச் சொல்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிவீதியாரின் பாடல்களை அவருடைய சொந்தத் துயரமாகவே படித்தவர்கள் உண்டு. கபிலரும்தான் எத்தனையோ தலைவிகளின் குரலில் பாடினார். அவர் வீட்டுப் பெண் யார் என்று தேடிப் போனவர் இல்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்த நாவல். அவர் எழுதுவது புனைபெயரில். ஆனாலும் நான் அதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "மேடம், இது அவங்க வாழ்க்கைதானே?"

இவ்வளவும் தெரிந்த நான், மைக் என்னிடம் வந்தபோது கேட்டது இது: "படித்துவிட்டு வீட்டில் என்ன சொன்னார்கள்?" பெண்கள் பக்கம் நின்று கேட்கிற கேள்வி என்றே நினைத்திருந்தேன்.

அவர் சிரித்தார். "சார் கேட்டதைத்தான் மேடம் நீங்களும் கேக்குறீங்க. நாவல்ல அத்தை சொத்துல பங்கு கேக்குறா. ஐம்பது பக்கம் அதுக்குத்தான். அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே."

உண்மைதான். 1989 மார்ச்சில் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப் போலச் சம உரிமை கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணம் ஆனவர்களுக்கு அது இல்லை. நாவலில் அத்தையின் கல்யாணம் 1988 ஆவணியில் நடக்கிறது. ஏழு மாத வித்தியாசத்தில் அவள் வெளியே, தங்கை உள்ளே. 2005இல் மத்தியச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கும்போது வீடு பாகம் பிரிந்து பத்திரமும் பதிவாகிவிட்டது. திண்ணையில் நடக்கும் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறாள் சிறுமி. அவள் வயதுக்கு வருவது அந்த இடத்தில்தான். நாவலை முன்னமே படித்திருந்தும் அதை விட்டுவிட்டு நான் வீட்டைக் கேட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் ஒரு மாணவி தயங்கிக் கேட்டாள்: "ஏன் மேடம் அப்படிக் கேட்டீங்க?" சும்மாதான் என்றேன். சும்மா இல்லை. அந்தப் பெண் எப்படித் துணிந்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

என் முதல் தொகுப்பில் இருந்து ஒரு கவிதையை எடுத்திருக்கிறேன். அக்காவைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பில் வயதுக்கு வந்ததும் அவள் படிப்பை நிறுத்தினார்கள். நான்கு வருடம் கழித்து என் முறை வந்தபோது, பெரியவள் அழுத அழுகை போதும் என்று என்னை நிறுத்தவில்லை. அவள் நின்றதால் நான் போனேன். அச்சுக்குப் போகும் முன் அம்மா சொன்னாள்: "அவ மாமியார் வீட்டுல பார்த்தா என்ன நினைப்பாங்க?" கவிதையை எடுத்துவிட்டேன். அக்காவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று இரவு அக்காவுக்குப் போன் செய்து அதைப் படித்துக் காட்டினேன். படிப்பு நின்ற வாரமே அவளுடைய சைக்கிளை விற்றுவிட்டதாக ஒரு வரி அதில் வரும். முடித்ததும் சிறிது நேரம் அவள் பேசவில்லை.

"சைக்கிள எங்கடி வித்தாங்க? பூட்டித்தான வச்சிருந்தாங்க. அப்புறம் நீதான அதுல பள்ளிக்கூடம் போன" என்றாள். பிறகு, "போடணும்னா போட்டுக்க. சரியா எழுதிப் போடு."

மாமியார் வீட்டுக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். விற்காத சைக்கிளை விற்றது நான். அடுத்த தொகுப்பில் அந்தக் கவிதை வருகிறது. அந்த வரியைத் திருத்திவிட்டேன்.