நிறம் நீங்கிய நீர்

சாயக்கழிவின் குற்றம் கண்ணுக்குத் தெரிவது. அதனாலேயே அது மற்றைக் கழிவுகளைவிட விரைவில் வெறுக்கப்படுகிறது. நிறம் மறைந்ததும் விரைவில் மன்னிக்கவும் படுகிறது. ஊக்கிகளைக் கொண்டு சாயத்தை அழிக்கும் முறைகளை வியப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

தமிழகத்துத் திருப்பூர் பருத்திப் பின்னலாடைக்குப் பெயர்பெற்றது. அந்நகரினூடாக ஓடும் நொய்யலாற்றிற் பாசனத்துக்கென ஒரத்துப்பாளையம் அணை 1992 இல் எழுந்தது. சில ஆண்டுகளுள் அது சாயப்பட்டறைகளின் கழிவுத்தொட்டியாக மாறியது. பயிருக்கெனத் தேக்கிய நீரே பயிருக்குப் பகையாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூடுமாறு பணித்தது. உழவரின் வழக்கு நியாயமானது. எனினும் அன்று வேலையிழந்தோரும் ஏழைகளே.

வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் வெளுக்காதிருக்கவே சாயம் ஆக்கப்படுகிறது. துணி வாங்குவோர் போற்றும் அக்குணமே ஆற்றில் தீங்காகிறது. நுண்ணங்கிகள் அதனை எளிதிற் சிதைப்பதில்லை. இங்கேதான் ஊக்கி உதவ வருகிறது. இரும்பு உப்பின் முன்னிலையில் ஐதரசன் பேரொட்சைட்டு, தாத்தாரிக்கமிலத்தை வன்மையாக ஒட்சியேற்றுவதை 1894 இல் பென்ரன் வெளியிட்டார். ஒளிபட்ட தைத்தேனியம் ஈரொட்சைட்டு நீரைப் பிளக்கத் துணைபுரிவதை 1972 இல் புஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டினர். இவ்விரு வழிகளையும் பின்பற்றிய சுத்திகரிப்பு முறைகளிற் பெரும்பணி ஆற்றுவது ஐதரொட்சில் மூலிகம். கணப்பொழுதும் நிலையாத அது, எதிர்ப்பட்ட சாய மூலக்கூற்றைத் துண்டாடிவிடுகிறது. (தைத்தேனியத்தின் மூலப்பொருளான இல்மனைற்று நமது புல்மோட்டைக் கடற்கரையில் வெறும் மணலாகக் கிடக்கிறது என்பதையும் இங்கு நினைக்கலாம்.)

குறைகளும் உள. தூய தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு வேண்டியது கழியூதாக் கதிர். சூரிய ஒளியில் அதன் பங்கு நூற்றுக்கு ஐந்தளவே. நீரிற் கலந்த நுண்தூளை மீளப் பிரித்தெடுப்பதும் இலகுவன்று. பென்ரன் முறையோ இரும்புச் சேற்றை மிச்சம் வைக்கிறது.

இவற்றினும் பெரியது வேறொன்று. அசோச் சாயத்தில் நைதரசன் பிணைப்பு அறுந்தவுடன் நிறம் போய்விடும். ஆனால் பென்சீன் வளையம் கொண்ட துண்டுகள் நீரில் எஞ்சியிருக்கலாம். அவற்றுட் சில சாயத்திலும் நச்சுத்தன்மை மிக்கவை. தாக்கம் முற்றுப்பெற்றுக் காபனீரொட்சைட்டு ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் உப்பு இருக்கும். பருத்தியிற் சாயம் பற்றுவதற்காக லீற்றருக்கு ஐம்பது கிராமும் அதற்கு மேலும் உப்பிடுவதுண்டு. எந்த மூலிகமும் அதனை அழிக்காது. பளிங்குபோல் தெளிந்த நீர் வயலை உவராக்கிவிடும்.

ஆகவே உப்பைப் பிரிக்கச் சவ்வு வேண்டும். சவ்வு விலக்கிய செறிநீரை வற்றவைக்க வெப்பம் வேண்டும். திருப்பூரில் இன்று அச்செலவு ஒவ்வொரு துணியின் மீதும் ஏறுகிறது. கடையிற் சட்டையைத் தூக்கிப் பார்ப்பவரோ, நிறம் போகுமா என்று மட்டுமே கேட்கிறார்.