டயரும் அதன் ஆயுளும்

தமிழாசிரியரிடம் கட்டுரை கேட்போர் கம்பனையோ இளங்கோவையோ எதிர்பார்ப்பது இயல்பு. விழா மலர்க் குழுவினரும் அவ்வாறே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், அண்மை ஆண்டுகளில் எமது சிந்தையைக் கம்பனிலும் மிகுதியாக ஆட்கொண்டிருப்பன ஒரு பழைய மோட்டார்க் காரின் நான்கு டயர்களே. அவற்றைப் பற்றியே எழுதத் துணிந்தோம், அன்பர்கள் பொறுத்தருள்க.

யாம் இக்கல்லூரியிற் பயின்று, ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இன்று படுவான்கரையிலே தமிழ் கற்பித்து வருகின்றோம். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை பாதையிலேறி வாவியைக் கடப்பதே வழக்கம். அந்நாளில் எமது கவலையெல்லாம் பாதை புறப்பட்டுவிடுமோ என்பதே. பாலம் வந்தபின் ஆசிரியர் நால்வர் ஒரு காரிலே கூடிச் செல்லலானோம். வழி குறுகியது, கவலை சக்கரத்தின்மேல் ஏறிக்கொண்டது.

டயர் என்னும் பொருள் நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திலே முளைப்பிக்கப்பெற்ற இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1888இல், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த டன்லொப் என்பார் தம் மைந்தனது மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை ஆக்கினார். இறப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி உறுதிபெறச் செய்யும் முறையைக் குட்இயர் என்பார் அதற்கு முன்னரே, 1839இல், கண்டிருந்தார். ஆனால் அவ்வுறுதி என்றும் நிலைப்பதன்று. வெயிலும், வெப்பமும், காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் இறப்பரைச் சிறிது சிறிதாக இறுக்கி, அதன் நெகிழ்ச்சியைக் கெடுத்துவிடுகின்றன. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நிகழ்ந்துகொண்டேயிருக்கும்.

இதன் பொருளை யாம் அறிந்துகொண்டது 2022ஆம் ஆண்டு டிசம்பரில். எரிபொருட் பங்கீட்டு முறை நடைமுறையிலிருந்த காலம் அது. சக ஆசிரியர் ஒருவரது தந்தையாரின் மரணச் சடங்கிற்காக வெல்லாவெளிக்கு வாடகை வான் ஒன்றிற் சென்று, மாலையில் மழையினூடே திரும்பிக்கொண்டிருந்தோம். பின்புறத்து இடப்பக்க டயர் வெடித்தது. வான் வீதியை விட்டு விலகி வயலுள் இறங்கிச் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. எம்மருகில் இருந்த ஆசிரியைக்குத் தோளெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் அவர் கரும்பலகையில் எழுத இயலாதிருந்தார். வண்டியின் உரிமையாளரோ, "டயர் எல்லாம் புதுசு மாதிரி, பள்ளம் அப்படியே கிடக்குது, பாருங்கோ" என்று சாதித்தார். பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது. அதனை யாமும் கண்டோம்.

மறுநாள் டயர்க்கடை வைத்திருக்கும் எம் பழைய மாணாக்கர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். இலக்கண வகுப்பிலே வேற்றுமை உருபுகளோடு பெரிதும் போராடியவர் அவர். வெடித்த டயரைப் பார்க்க வேண்டுமென்று உடன் வந்தார். வந்து, சேற்றைத் துடைத்து, அதன் பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 0809.

"சேர், முதல் ரெண்டும் கிழமை, பிறகு ரெண்டும் வருசம். 2009ஆம் ஆண்டு எட்டாவது கிழமை செய்த டயர். ஓடாம நின்றதால பள்ளம் தேயல்ல. ஆனா வயசு போயிற்று."

பதின்மூன்று ஆண்டுகள்! பக்கச்சுவரை அவர் விரலால் மடக்கியபோது மயிரிழை போன்ற வெடிப்புக்கள் வரிசையாய் வாய் திறந்தன. ஐந்தாறு ஆண்டு சென்றபின் ஆண்டுதோறும் டயரை அறிந்தவரிடம் காட்டல் வேண்டும். பத்தாண்டு கடந்ததை, எத்துணை அழகாயிருப்பினும், கழற்றி எறிதல் வேண்டும் என்பது உற்பத்தியாளர் பலரும் கூறும் அறிவுரை. அன்றுமுதல் வாடகை வண்டியில் ஏறுமுன் அந்நான்கு இலக்கங்களைக் குனிந்து வாசிப்பது எமக்கு வழக்கமாயிற்று. கல்வெட்டு வாசிக்கின்றீர்களோ என நண்பர் நகைப்பர், நகைக்கட்டும்.

அக்கடையிலே யாம் கற்ற பாடம் அத்துடன் முடியவில்லை. டயரின் தேய்வு வண்டியின் நோயைச் சொல்லும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுப் போதாது. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று மிகை. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் நேர் பிழைத்திருக்கின்றது. காற்றுக் குறைந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகையாக மடங்கி நிமிர்வதனால் சூடேறும். செங்கலடி–பதுளை வீதியிலே சித்திரை வெயிலில் நிறைபாரத்தோடு செல்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. காற்றை அளப்பதும் ஓடிய சூட்டிலன்று, காலையிலே டயர் குளிர்ந்திருக்கும்போதே. எவ்வளவு அடிப்பது என்பதைச் சாரதியின் கதவோரத்துச் சீட்டிற் காண்க. டயரிற் பொறித்த எண் அது தாங்கும் உச்ச அளவு மாத்திரமே. எம் ஊர்க்கு மற்றொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றினாற் சக்கர விளிம்பு துருப்பிடித்து, டயர் பொருந்துமிடத்திலே காற்றுக் கசியும். ஆணி தேடிக் களைத்தவர் இதனையும் பார்க்க.

பள்ளத்தின் கதை மாரிக்குரியது. வீதியில் நிற்கும் நீரை வெளியேற்றுவது அப்பள்ளமே. அஃது ஆழம் குறைந்தால், வேகத்தில் டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கும். சுக்கானும் தடையும் பயன்படா. பிரித்தானியா முதலிய நாடுகளிற் சட்டம் வகுத்த எல்லை 1.6 மில்லிமீற்றர். பள்ளத்தினடியிலுள்ள சிறு மேடுகளோடு டயரின் மேற்பரப்பு ஒன்றாகும் நாள் அவ்வெல்லை வந்த நாள். எம் கருத்தில், வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் 3 மில்லிமீற்றரே எஞ்சியிருப்பின் ஐப்பசியிலேயே மாற்றிவிடல் தகும்.

மாற்றுதல் எளிதோ? 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டின் பின்னும், 2022இன் நெருக்கடியின் பின்னும், டயரின் விலை கேட்டு ஆசிரியர் திகைத்து நின்றதுண்டு. யாம் நால்வரும் மாதந்தோறும் தகரப் பேணி ஒன்றிற் சிறுதொகை இட்டு வந்தோம். இருமுறை பிள்ளைகளின் கட்டணத்திற்காக அது திறக்கப்பட்டது. அதனைக் குறை கூறோம். இரண்டு டயருக்கே பணம் சேர்ந்த ஆண்டில் அவற்றை முன்னே பூட்டுவதா, பின்னே பூட்டுவதா என்று வழக்கு எழுந்தது. இழுவை முன்சக்கரத்திலாதலின் முன்னே என்றனர் மூவர். மாணாக்கரோ பின்னே என்றார். ஈர வீதியில் முன்புறம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்புறம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். பின்னே பூட்டினோம்.

சேம டயரைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஒளவையார் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்றுச் செய்யுளிலே, உப்பு வணிகர் வண்டியின் கீழே கட்டிச்செல்லும் சேமவச்சு உவமையாய் வருகின்றது. அவ்வச்சு மரம், காற்றுப் போகாது. நம் சேம டயரோ இருளிலே கிடந்தே மூத்து, வேண்டியபோது தளர்ந்து நிற்கும்.

கழற்றிய டயர்களை யாம் வீட்டு முற்றத்தில் வைப்பதில்லை. மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். கடந்த முறை இரண்டைத் துளையிட்டுப் பாடசாலை மரத்தில் ஊஞ்சலாகத் தொங்கவிட்டோம்; மற்ற இரண்டை மீனவர் ஒருவர் தோணித்துறைக் கட்டைக்கென்று கேட்டு வாங்கிச் சென்றார்.